மருந்துக்கு அடங்காத வயிற்றுவலி... பெண்ணாடத்தில் அப்பர் கேட்ட அடையாளம்!

விருத்தாசலம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பீங்கான் பொம்மை, பீங்கான் ஜாடி, ரயில்வே ஜங்ஷன். அங்கிருந்து அரியலூர் போகும் ரயில் பாதையில், கொஞ்ச தூரத்திலேயே பெண்ணாடம் வந்துவிடும். கரும்பு வயல்களும் வெள்ளாறும் சூழ்ந்த ஊர். செல்போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே போனால், கடந்து போனதே தெரியாது.

அந்த ஊர்க் கோயிலுக்கு சுமார் 1,400 வருடங்களுக்கு முன்னால் ஒரு மனிதர் நடந்து வந்தார். உயிரை உலுக்கிய வயிற்றுவலியிலிருந்து மீண்டவர். ஒரு ராஜாவின் தண்டனைகளையெல்லாம் தாண்டி வந்தவர். இத்தனைக்கும் பிறகு அவர் பெண்ணாடத்தில் கேட்டது காசோ, பதவியோ, நீண்ட ஆயுளோ இல்லை. தன் உடம்பில் ஓர் அடையாளம் வேண்டும் என்று கேட்டார். அவர்தான் நாம் அப்பர் என்றும் திருநாவுக்கரசர் என்றும் சொல்கிறவர்.

ஸ்கூல் புத்தகத்தில் இரண்டு வரியில் படித்திருப்பீர்கள். ஆனால், எந்த வைத்தியத்துக்கும் அடங்காத ஒரு குடல் நோயின் கதையாக இதைப் படித்திருக்க மாட்டீர்கள். இன்று ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம்செல் சிகிச்சை முடித்துவிட்டு, வேறொரு வயிற்று உபாதையோடு வார்டில் படுத்திருக்கும் ஒருவருக்கும், அவருடைய கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கும் இந்தக் கதை ரொம்பப் பக்கமானது.

அக்காவும் தம்பியும்

கடலூர் மாவட்டம் பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூர் என்றொரு கிராமம். 7-ஆம் நூற்றாண்டு. பல்லவர்கள் ஆண்ட காலம். புகழனார், மாதினியார் தம்பதிக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவர் திலகவதி. இளையவர் மருள்நீக்கியார். பின்னாளில் அப்பர் ஆகப்போவது இந்தத் தம்பிதான்.

திலகவதிக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரை நிச்சயம் செய்தார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் போருக்குப் போய்விட்டார். இடையில் அப்பா இறந்தார். அம்மாவும் கூடவே போய்விட்டார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், கலிப்பகையார் போர்க்களத்தில் இறந்துவிட்டார் என்ற செய்தியும் வந்தது.

யோசித்துப் பாருங்கள். கொஞ்ச காலத்துக்குள் ஒரு பெண்ணுக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை, கட்டிக்கொள்ள இருந்தவரும் இல்லை. திலகவதி தானும் உயிரை விட்டுவிடத் தீர்மானித்தார். தம்பி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீயும் போய்விட்டால் உனக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்று சொன்ன தம்பிக்காக அக்கா மனதை மாற்றிக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியை வளர்ப்பதே வேலை என்று இருந்துவிட்டார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உயிரைக் காப்பாற்றியது தம்பி. அக்காவின் முறை பின்னால் வருகிறது.

வளர்ந்த மருள்நீக்கியார் கையில் இருந்ததை நல்ல காரியங்களுக்குச் செலவழித்தார். அன்னசாலை வைத்தார். தண்ணீர்ப்பந்தல் போட்டார். சோலை வளர்த்தார், குளம் வெட்டினார். சின்ன வயதிலேயே இத்தனை சாவுகளைப் பார்த்தவருக்கு, எதுவும் நிலையில்லை என்ற எண்ணம் ஆழமாக விழுந்திருந்தது. அதற்குப் பதில் தேடித்தான் சமண சமயத்துக்குப் போனார்.

தருமசேனர் ஆனார்

இன்றைய கடலூர் நகரத்துக்குள் இருக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கு அன்று பாடலிபுத்திரம் என்றொரு பெயர் இருந்தது. அங்கே பெரிய சமணப் பள்ளி. இன்றைய கணக்குக்கு அதை ஒரு பல்கலைக்கழகம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். சமணர்கள் உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் ஆகிய நான்கையும் தானமாகக் கொடுப்பதைக் கடமையாக வைத்திருந்தவர்கள். மருள்நீக்கியார் அங்கே சேர்ந்து எல்லா நூல்களையும் கரைத்துக் குடித்தார். வாதத்தில் ஜெயித்தார். தருமசேனர் என்ற பெயரோடு தலைவர் நிலைக்கு உயர்ந்தார்.

அக்கா மட்டும் சைவத்திலேயே இருந்தார். கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கும் திருவதிகை வீரட்டானக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மடத்தில் தங்கி, தினமும் விடிவதற்கு முன்னால் கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூ கட்டிக் கொடுத்து வாழ்ந்தார். தம்பி திரும்பி வர வேண்டும் என்பது ஒன்றுதான் வேண்டுதல்.

இந்தக் கதையை நமக்கு விரிவாகச் சொல்பவர் சேக்கிழார். அவர் எழுதிய பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டு நூல். அதாவது அப்பருக்கு சுமார் 500 வருடங்கள் பின்னால் வந்தது. அவர் சைவர், சைவர் பார்வையில்தான் சொல்வார். அதனால் சமணர்களைப் பற்றி அதில் வரும் கடுமையான பேச்சையெல்லாம் அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வயிற்றுவலி மட்டும் சேக்கிழார் கற்பனையில் பிறந்தது கிடையாது. அப்பரே தன் முதல் பதிகத்தில் அதைப் பாடியிருக்கிறார்.

குடலைப் பிடித்து முறுக்கிய வலி

தருமசேனர் புகழின் உச்சியில் இருந்தபோது சூலை நோய் வந்தது. சூலை என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். சூலத்தோடு உறவுள்ள சொல் அது. சூலத்தால் குத்துகிற மாதிரி வரும் வலிக்கு நம் ஆட்கள் வைத்த பெயர். வயிற்றுக்குள்ளே குடலோடு சேர்த்துப் பிடித்து முறுக்கி, ஆளையே மடக்கிப் போடும் வலி என்று அப்பர் தன் பாட்டில் அதை விவரிக்கிறார். சுற்றிவளைத்துப் பேசாமல், டாக்டரிடம் நோயாளி சொல்கிற மாதிரியே சொல்லியிருக்கிறார்.

பள்ளியில் இருந்த துறவிகள் சும்மா இருக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார்கள். மந்திரித்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். மந்திரம் சொல்லி மயில்பீலியால் உடம்பைத் தடவினார்கள். வலி குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனது. இப்படி ஒரு நோயை நாங்கள் பார்த்ததே இல்லை என்று கடைசியில் கைவிரித்துவிட்டார்கள்.

அவர் எவ்வளவு பெரிய படிப்பாளி! எத்தனை பேருக்குப் பாடம் சொன்னவர்! வலி வந்தபோது அந்தப் பதவி ஒரு துளி உதவவில்லை. நாள்பட்ட நோயோடு இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், இதே விஷயத்தைத்தான் சொல்வார்கள்.

அப்பருக்கு வந்தது என்ன நோய்? பித்தப்பைக் கல்லா, குடல் புண்ணா, குடல் முறுக்கலா? ஒரு பாட்டை வைத்துக்கொண்டு சுமார் 1,400 வருடங்களுக்குப் பின்னால் டயக்னோசிஸ் எழுத முடியாது. எழுதவும் கூடாது. ஆனால் கொடுத்த வைத்தியம் எதுவும் கேட்காமல் குடல் நோயாளியைப் படுத்துவது பழங்கதை மட்டும் இல்லை. இன்றைக்கும், மிக நவீனமான வார்டுகளிலும் நடக்கிறது.

வீட்டுக்கு வந்தவர் வீட்டையே அடித்தால்?

லுக்கேமியா, தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியா போன்ற ரத்த நோய்கள் சிலவற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்வார்கள். ரத்த ஸ்டெம்செல் மாற்று என்றும் சொல்வார்கள். இந்தியாவில் இது 1983-ல் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையிலும், 1986-ல் வேலூர் சி.எம்.சி-யிலும் தொடங்கியது. இந்தச் சிகிச்சைக்கு வழி போட்ட அமெரிக்க மருத்துவர் டொன்னல் தாமஸுக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பெயரைக் கேட்டால் பெரிய ஆபரேஷன் மாதிரி தோன்றும். ஆனால் ஸ்டெம்செல் ஏற்றுவது ரத்தம் ஏற்றுகிற மாதிரிதான், டிரிப்ஸ் வழியாக உள்ளே போகும். அதற்கு முன்னால் பலமான கீமோ மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ நோயாளியின் பழைய மஜ்ஜையைக் காலி செய்வார்கள். புது செல்கள் எலும்புக்குள் போய் உட்கார்ந்து, புதிய ரத்தத்தை உற்பத்தி செய்யும்.

இங்கேதான் சிக்கல். புதிதாக வந்த நோய் எதிர்ப்பு செல்கள் கொடையாளியுடையவை. அவற்றுக்கு இந்த உடம்பு அந்நியமான உடம்பு. உதவிக்கு வந்த ஆள் வீட்டுக்காரரையே திருடன் என்று நினைத்து அடிக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? தோல், கல்லீரல், குடல் மூன்றும்தான் முக்கியமாக அடிவாங்கும். கொடையாளியின் செல்கள் நோயாளியின் உடம்பைத் தாக்கும் இந்தப் பிரச்னையை மருத்துவர்கள் சுருக்கமாக ஜி.வி.ஹெச்.டி என்பார்கள்.

குடலில் வந்தால் ரொம்பக் கஷ்டம். கீமோவால் ஏற்கெனவே குடலின் உள்தோல் புண்ணாகியிருக்கும். அதன் வழியாகக் கிருமிகளின் கூறுகள் உள்ளே கசிய, எதிர்ப்பு செல்களுக்குக் கோபம் இன்னும் ஏறும். உள்தோலைப் புதுப்பிக்கும் குடலின் சொந்த ஸ்டெம்செல்களையே அவை அழிக்கும். விளைவு, தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கு, குமட்டல், முறுக்கும் வலி, சிலருக்கு ரத்தப்போக்கு. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஒரு நாளில் எத்தனை மில்லி போகிறது என்று அளந்துதான் சொல்வார்கள். பெரியவர்களுக்கு 500 மில்லியைத் தாண்டினால் முதல் கட்டம். 1,500-ஐத் தாண்டினால் மூன்றாம் கட்டம். கடுமையான வலியோ, குடல் அசைவே நின்றுபோவதோ நான்காவது.

முதல் மருந்து ஸ்டீராய்டு. ஆனால் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது போதுமான பலன் தருவதில்லை. ஸ்டீராய்டு தொடங்கி 3 நாளில் நிலைமை மோசமானாலோ, 7 நாள் ஆகியும் முன்னேற்றம் இல்லை என்றாலோ, மருந்துக்கு அடங்காத வகை என்று முடிவு செய்வார்கள். நவீன மருத்துவமும் கைவிரிக்கும் எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் இடம் அது.

ஆனால் கைவிரித்துவிடவில்லை. ருக்ஸோலிடினிப் என்ற மாத்திரைக்கு இந்த வகை நோய்க்காக 2019-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 2020-ல் வெளியான பெரிய ஆய்வில், அந்த மாத்திரை எடுத்தவர்களில் 62 சதவிகிதம் பேருக்கு 28-ஆம் நாளில் பலன் தெரிந்தது. அதுவரை இருந்த மற்ற சிகிச்சைகளில் அது 39 சதவிகிதம். ரத்தத்தை வெளியே எடுத்து, புற ஊதாக் கதிர் காட்டித் திரும்ப ஏற்றும் முறையும் உண்டு. ஆரோக்கியமானவரின் குடல் நுண்ணுயிர்களை நோயாளியின் குடலில் சேர்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. எல்லோருக்கும் பலிக்கும் ஒரே வழி இன்னும் கிடைக்கவில்லை.

இப்போது திரும்ப அந்த சமணப் பள்ளிக்கு வாருங்கள். நம் ஆள் அங்கே துடித்துக்கொண்டிருக்கிறார்.

ராத்திரியில் ஒரு நடை

வலி தாங்காத தருமசேனருக்கு அக்கா ஞாபகம் வந்தது. வருடக்கணக்கில் பிரிந்திருந்த அக்கா. கொள்கையே வேறாகிவிட்ட அக்கா. தனக்குச் சமைத்துப் போடும் ஆளைக் கூப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் திருவதிகைக்குப் போய் விஷயத்தைச் சொல்லச் சொன்னார். அவரும் ராத்திரியில் போய், நந்தவனத்துப் பக்கம் திலகவதியாரைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? நான் அந்தப் பள்ளிக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். முதலில் கேட்கும்போது கல்நெஞ்சம் மாதிரி தெரியும். ஆனால் அவர் கதவை மூடவில்லை. தான் எந்த இடத்துக்குப் போக மாட்டேன் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார். தம்பி கிளம்பி வந்தால் எங்கே வர வேண்டும் என்பது அந்தப் பதிலிலேயே இருந்தது.

தம்பிக்குப் புரிந்தது. பாயை விட்டார். கமண்டலத்தை விட்டார். மயில்பீலியை விட்டார். ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, கைகொடுத்தவர்களைப் பிடித்துக்கொண்டு இருட்டில் கிளம்பினார். கடலூரில் இருந்து பண்ருட்டிப் பக்கம் திருவதிகை, சுமார் 25 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் நமக்கு ஒரு பாட்டு பிளேலிஸ்ட் முடியும் நேரம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தவருக்கு அது எவ்வளவு நீளமான ராத்திரியாக இருந்திருக்கும்!

மடத்து வாசலில் அக்கா காலில் விழுந்தார். ஏன் போனாய், இப்போது மட்டும் எதற்கு வந்தாய் என்ற விசாரணை எதுவும் அங்கே நடந்ததாகக் கதையில் இல்லை. அக்கா எழுப்பி, திருநீறு கொடுத்தார். விடியும் முன்னால் வழக்கம்போல விளக்குமாறும் சாணமும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். தம்பியையும் கூட்டிப்போனார். அந்தக் காலை நேரத்தில் தருமசேனர் வாயிலிருந்து முதல் பதிகம் பிறந்தது. கொல்லிப் பண்ணில் அமைந்த அந்தப் பாட்டோடு சூலை விலகியது என்கிறது பெரியபுராணம். நாவுக்கு அரசர் என்ற பெயரும் அங்கேதான் வந்தது.

இன்றும் வயிற்றுவலிக்காக அந்தப் பதிகத்தைப் பாராயணம் செய்யும் வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு. அது அவரவர் நம்பிக்கை. பாடுங்கள், மனசுக்குத் தெம்பு. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாடாதீர்கள்.

வலி போனது, சோதனை போகவில்லை

படமாக இருந்தால் இங்கே சுபம் போட்டுவிடுவார்கள். வாழ்க்கை அப்படி இல்லையே. பெரிய ஆள் ஒருவர் மதம் மாறியது ராஜாவின் காதுக்குப் போனது. அந்தப் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

தண்டனைகள் வரிசையாக வந்தன. சுண்ணாம்புக் காளவாயில் 7 நாள் அடைத்தார்கள். பால்சோற்றில் விஷம் வைத்தார்கள். யானையை ஏவினார்கள். கடைசியில் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் போட்டார்கள். எல்லாவற்றிலும் பிழைத்து, அந்தக் கல்லே தெப்பமாக மிதக்கக் கரை சேர்ந்தார் என்பது கதை. கரை சேர்ந்த ஊர் எது என்று பாருங்கள், திருப்பாதிரிப்புலியூர். தருமசேனராகப் பெரிய பேர் வாங்கிய அதே ஊர். பிறகு மன்னரும் சைவத்துக்கு மாறி, திருவதிகையில் குணபர ஈச்சரம் என்று ஒரு கோயில் கட்டினார் என்கிறது பெரியபுராணம். குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று.

பெண்ணாடத்தில் கேட்ட அடையாளம்

இத்தனையும் முடிந்து, ஊர் ஊராக நடந்து பெண்ணாடம் வந்தார். அங்குள்ள கோயிலுக்குத் தூங்கானைமாடம் என்று பெயர். கருவறைக்கு மேலே உள்ள விமானத்தைப் பின்பக்கமிருந்து பார்த்தால், யானை படுத்துத் தூங்குகிற மாதிரி வளைவாக இருக்கும். இன்று பிரளயகாலேஸ்வரர் கோயில் என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

அங்கே நின்றபோது அவருக்கு மனசில் ஒரு உறுத்தல். வலி போய்விட்டது, உயிர் மிஞ்சிவிட்டது. ஆனால் இந்த உடம்பு இத்தனை வருடங்கள் வேறொரு பக்கத்தில் இருந்த உடம்பு. இதை இப்படியே வைத்துக்கொண்டு வாழ அவருக்குப் பிடிக்கவில்லை. சூலத்தையும் ரிஷபத்தையும் தன் மேல் முத்திரையாகப் பொறித்துவிட வேண்டும் என்று வேண்டினார். சிவபூதம் ஒன்று வந்து அவர் தோளில் அந்த இரண்டு குறிகளையும் பொறித்துவிட்டுப் போனது என்று கதை சொல்கிறது.

சூலை வந்து குத்திய உடம்புக்குச் சூலத்தின் அடையாளத்தையே கேட்டிருக்கிறார். எந்தப் பெயரால் வலி வந்ததோ, அதையே தன் அடையாளமாக மாற்றிக்கொண்டார்.

இன்றைய ஆஸ்பத்திரியில் இதற்கு நெருக்கமான ஒரு விஷயம் நடக்கிறது. ஸ்டெம்செல் மாற்று செய்துகொண்டவரின் ரத்த வகையே கொடையாளியின் வகையாக மாறிவிடும். நேற்று வரை ஓ பாசிட்டிவ்வாக இருந்தவர், அக்காவின் செல் ஏறிய பிறகு பி பாசிட்டிவ் ஆகலாம். பிழைத்து வந்த பலருக்கும் வரும் கேள்வி, இது என் உடம்புதானா என்பது. முகம் வீங்கியிருக்கும், முடி போயிருக்கும், பிடித்த சாப்பாடு குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. நோய் குணமான பின்னும் இந்த உடம்பை மறுபடியும் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ள ஒரு காலம் தேவைப்படுகிறது. அப்பருக்குத் திருவதிகையில் வலி போன பிறகு பெண்ணாடம் என்று ஒரு ஊர் தேவைப்பட்ட மாதிரி.

கையில் உழவாரம்

பெண்ணாடத்தில் இருந்து திருஅரத்துறை, திருமுதுகுன்றம் என்று நடையைத் தொடர்ந்தார். திருமுதுகுன்றம் வேறு எதுவும் இல்லை, நம்ம விருத்தாசலம்தான். பிறகு சிதம்பரம். பிறகு சீர்காழி. அங்கேதான் சிறுவர் சம்பந்தர், வயதில் மூத்த இவரை அப்பர் என்று கூப்பிட்டார். அப்பா என்ற அர்த்தத்தில் வந்த அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

வாழ்நாள் முழுக்க அவர் கையில் இருந்த ஆயுதம் உழவாரம். புல் செதுக்கும் சின்னக் கருவி. போன ஊர்க் கோயில்களிலெல்லாம் பிராகாரத்தில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கி, நடப்பவர் காலில் குத்தாமல் பார்த்துக்கொண்டார். அக்கா விளக்குமாறு எடுத்தார், தம்பி உழவாரம் எடுத்தார். குடும்பத் தொழில் மாதிரி!

திங்களூரில் அப்பூதியடிகள் என்று ஒருவர். அப்பரை நேரில் பார்க்காமலேயே அவர்மேல் அன்பு வைத்து, பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும்கூட அவர் பெயரையே வைத்திருந்தார். இளைஞராகத் தண்ணீர்ப்பந்தல் போட்ட மனிதர், பல வருடம் கழித்துத் தன் பெயரிலேயே ஒரு தண்ணீர்ப்பந்தலைப் பார்க்கிறார். அவருக்கு விருந்து வைக்க வாழை இலை அறுக்கப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு கடித்துவிட, அப்பர் பதிகம் பாடி எழுப்பினார் என்பது அங்கே நடந்த அற்புதமாகச் சொல்லப்படுகிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அவரும் சம்பந்தரும் கிடைத்த காசை ஊருக்கே சோறாக்கிப் போட்டார்கள். வேதாரண்யத்தில் அடைத்துக் கிடந்த கதவு இவர் பாட்டுக்குத் திறந்தது.

தள்ளாத வயதில் கயிலாயம் போகக் கிளம்பினார். கால் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார். கை தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார். அதுவும் முடியாமல் உருண்டார். கடைசியில் ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லி அசரீரி கேட்க, மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கயிலைக் காட்சி அவருக்கு அங்கேயே கிடைத்தது. 81 வயது வரை வாழ்ந்து, ஒரு சித்திரை மாதச் சதய நாளில் திருப்புகலூரில் மறைந்தார் என்பது மரபு. 300-க்கும் மேற்பட்ட பதிகங்கள் இன்று நம் கையில் இருக்கின்றன. தேவாரத்தில் 4, 5, 6-ஆம் திருமுறைகள் அவருடையவை.

உங்களுக்காக ஒரு விஷயம்

உங்கள் வீட்டிலோ நண்பர்கள் வட்டத்திலோ யாருக்காவது ஸ்டெம்செல் மாற்று சிகிச்சை நடந்திருந்தால், கொஞ்சம் கவனம் வையுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு வயிற்றுப்போக்கு, வலி, குமட்டல் ஆரம்பித்தால், ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். தோலில் சிவந்த தடிப்பு, கண்ணில் மஞ்சள் தெரிந்தாலும் அப்படியே. சிகிச்சை செய்த டாக்டருக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள். குடலில் கிருமித் தொற்று வந்தாலும் இதே அறிகுறிகள் இருக்கும். அதனால் சில நேரம் குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்து டெஸ்ட் செய்துதான் எது என்று முடிவு செய்வார்கள். எத்தனை முறை போனது, எவ்வளவு போனது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால் டாக்டருக்குப் பெரிய உதவி. பால், காரம், எண்ணெய், நார்ச்சத்து விஷயத்தில் அவர்கள் கொடுக்கும் பட்டியலை மீற வேண்டாம். வீட்டு வைத்தியம் எதையும் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. உடன்பிறந்த ஒருவருடைய செல் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நாலில் ஒன்றுதான். பொருந்திவிட்டால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. பொருந்தவில்லை என்றாலும் உடன்பிறந்தவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. திலகவதியாரிடம் மருந்து இல்லை. ராத்திரியில் வந்து வாசலில் விழுந்தவரைக் கேள்வி கேட்காமல் எழுப்பினார். விடிந்ததும் தன் கூடவே கூட்டிப்போனார். முதல் வரிசை மருந்து கேட்காமல், இரண்டாவது மருந்துக்காக வார்டில் காத்திருக்கும் ஒருவருக்கு இன்று ராத்திரி ஒரு போன் செய்து பாருங்கள். என்ன பேசுவது என்று தெரியவில்லையா? சாப்பிட முடிந்ததா, தூங்க முடிந்ததா என்று கேளுங்கள். கூட இருக்கும் அக்காவிடமோ அண்ணனிடமோ, நாளைக்கு ஒரு நாள் நான் வந்து உட்காருகிறேன், நீங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிட்டு வாருங்கள் என்று சொல்லுங்கள்.